பயனர் கணக்கை நீக்கியபின் காணாமல் போன கோப்புகளை மீட்பது: முழுமையான வழிகாட்டி

முதலில் அந்தக் கணினியை அணையுங்கள். இதை அதே கணினியில் வாசித்துக்கொண்டிருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு, மீதியைக் கைபேசியில் வாசியுங்கள். "ஷட் டவுன்" கொடுத்து, அது "அப்டேட் செய்கிறேன், காத்திருங்கள்" என்று சுற்றிக்கொண்டிருக்க விடாதீர்கள். மின்பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மேசைக் கணினியானால் சுவரில் இருக்கும் பிளக்கையே பிடுங்கிவிடலாம். வேறு எந்த நாளிலும் நான் இப்படிச் சொல்ல மாட்டேன். இன்றைக்கு மட்டும் அந்த முரட்டுத்தனம் தேவைப்படுகிறது. ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

நான் மொரீஷியஸில் தமிழ் ஆசிரியர். கணினி வல்லுநன் அல்லன். ஆனால் ஊரில் யாருடைய கணினி மூச்சடைத்தாலும் என் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும். சென்ற ஆண்டு காவடிக்குச் சில வாரங்கள் முன்பு, எங்கள் பகுதிக் கோவில் சங்கத்தின் பழைய மேசைக் கணினி அப்படி வந்தது. செயலாளர் மாறியிருந்தார். புதியவருக்கு உதவ வந்த தம்பி ஒருவன், பழைய செயலாளரின் பயனர் கணக்கு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணி அதை நீக்கிவிட்டான். திரையில் வந்த எச்சரிக்கையைப் படித்தாயா என்று கேட்டேன். "பிரெஞ்சில் நீளமாக ஏதோ இருந்தது, சம்மதம் கொடுத்துவிட்டேன்" என்றான். உள்ளே இருந்தவை: காவடி எடுப்போர் பட்டியல், பத்து ஆண்டு வரவு செலவு, குடும்பங்களின் மூதாதையர் பதிவுகளைப் படமெடுத்து வைத்த கோப்புறை ஒன்று, பழைய செயலாளர் தம் பாட்டியைப் பாடவைத்துப் பதிவு செய்த ஒலிக்கோப்பு ஒன்று.

அந்தக் கணினியில் நான் செய்தவற்றையும் செய்திருக்கக் கூடாதவற்றையும் வைத்தே இதை எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

எந்தப் பொத்தானை அழுத்தினார்கள்?

பெரும்பாலோர் நேரே மீட்பு மென்பொருள் தேடப் போய்விடுகிறார்கள். அதற்குமுன் கணக்கை நீக்கியவரை உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, திட்டாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த வழியாக நீக்கினாய்? திட்டினால் "நான் ஒன்றும் செய்யவில்லை, தானாகவே போய்விட்டது" என்பான். அப்போது உங்கள் கையில் இருந்த ஒரே துப்பும் போய்விடும்.

விண்டோஸில் ஒரு கணக்கை நீக்கப் பல வழிகள் உண்டு. அவற்றின் விளைவு ஒன்றல்ல.

செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய், மற்றப் பயனர்கள் பட்டியலில் "ரிமூவ்" அழுத்தினால், "டெலீட் அக்கவுண்ட் அண்ட் டேட்டா" என்று ஒரு பெட்டி வரும். பிரெஞ்சு விண்டோஸில் "சுப்ரிமே லெ கோம்ப்த் எ லே தொன்னே". இதற்குச் சம்மதித்தால் அந்தப் பயனரின் முழுக் கோப்புறையும் அழிந்துவிடும். குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது. எங்கள் தம்பி அழுத்தியது இதைத்தான்.

பழைய கண்ட்ரோல் பேனல் வழியாகப் போயிருந்தால் கதை வேறு. அது "கோப்புகளை வைத்துக்கொள்ளவா, அழிக்கவா" என்று தனியாகக் கேட்கும். "கீப் ஃபைல்ஸ்" என்று கொடுத்திருந்தால், நீக்கியவரின் டெஸ்க்டாப்பில் பழைய பயனரின் பெயரிலேயே ஒரு கோப்புறை இருக்கும். டெஸ்க்டாப், ஆவணங்கள், படங்கள், இசை, காணொளி, ஃபேவரிட்ஸ் எல்லாம் அதற்குள் வந்திருக்கும். மின்னஞ்சல்களும் நிரல்களின் அமைப்புகளும் வரா. அந்தக் கோப்புறையை ஏதோ வெற்றுக் கோப்புறை என்று நினைத்து ஓரமாகத் தள்ளிவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, கட்டளைத் திரையிலோ, புரோ பதிப்பில் இருக்கும் பயனர் மேலாண்மைச் சாளரத்திலோ நீக்குவது. அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்வார்கள். இதில் கணக்கு மட்டுமே போகும். கோப்புறை சி டிரைவில் பயனர்கள் கோப்புறைக்குள் அப்படியே கிடக்கும். மீட்பதற்கே ஒன்றுமில்லை, போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

யாருமே நீக்காமல் "நீக்கப்பட்டதுபோல்" தெரிவதும் உண்டு. உள்நுழைந்தால் டெஸ்க்டாப் காலியாக இருக்கும், தற்காலிக சுயவிவரத்தில் நுழைந்திருக்கிறீர்கள் என்று ஓர் அறிவிப்பு மூலையில் வந்து மறையும். அங்கே சுயவிவரப் பதிவுதான் பழுதாகியிருக்கிறது, கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன. அந்தத் தற்காலிக டெஸ்க்டாப்பில் எதையும் சேமித்துவிடாதீர்கள், வெளியேறியதும் அது கலைந்துவிடும்.

இன்னொன்று. அதே பெயரில் புதுக் கணக்கைத் திறந்தால் பழைய கோப்புகள் திரும்பி வரும் என்று எண்ண வேண்டாம். விண்டோஸ் ஆளை அடையாளம் காண்பது பெயரால் அன்று, ஒவ்வொரு கணக்குக்கும் அது தரும் நீண்ட எண்ணால். பெயர் ஒன்றாக இருந்தாலும் எண் புதிதாக இருக்கும். புதுக் கணக்குக்குப் புதுக் கோப்புறை உருவாகும். அதற்காக வட்டில் புதிதாக எழுதப்படுபவை பழையவற்றின் மேலேயே போய் விழக்கூடும். எங்கள் தம்பி அதையும் செய்து பார்த்திருந்தான், பாவம்.

கணினியைத் தொடாமலே தேடவேண்டிய இடங்கள்

கணினி அணைந்து கிடக்கட்டும். கைபேசியை எடுங்கள்.

நீக்கப்பட்ட கணக்கு மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சலால் உள்நுழையும் கணக்கா? அப்படியானால் கணினியிலிருந்து அதை நீக்கியதால் அந்த இணையக் கணக்கு அழிந்துவிடாது. கடவுச்சொல் இருந்தால் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவ் தளத்தில் நுழைந்து பாருங்கள். புதிய கணினிகள் பலவற்றில் டெஸ்க்டாப், ஆவணங்கள், படங்கள் மூன்றும் உரிமையாளருக்கே தெரியாமல் ஒன்டிரைவில் ஏறிக்கொண்டிருக்கும். வழக்கமாக எரிச்சலூட்டும் அந்த ஏற்பாடு இன்று உங்களைக் காப்பாற்றலாம். அங்கேயும் ஒரு குப்பைத்தொட்டி உண்டு, தனிநபர் கணக்குகளில் 30 நாள் வரை வைத்திருக்கும். இலவச இடம் 5 ஜிபிதான். அது நிரம்பியிருந்தால் அதன்பின் ஏறவேண்டியவை ஏறியிருக்க மாட்டா.

மைக்ரோசாஃப்ட் கணக்கையே மூடிவிட்டிருந்தால், மூடும்போது தேர்ந்தெடுத்ததைப் பொறுத்து 30 அல்லது 60 நாளுக்குள் மீண்டும் உள்நுழைந்து திறந்துவிடலாம்.

பிறகு, அந்தக் கோப்புகள் யார் யாருக்குப் போயின என்று யோசியுங்கள். எங்கள் காவடிப் பட்டியலின் முந்தைய ஆண்டு நகல், அழைப்பிதழ் அச்சடித்த கடைக்கு அனுப்பிய மின்னஞ்சலில் இருந்தது. வரவு செலவின் இரண்டு ஆண்டுப் பக்கங்கள் சங்க உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் கிடந்தன. அரை மணி நேரத்தில் கிடைத்தவை இவை, ஒரு மென்பொருளும் தேவைப்படவில்லை.

அதோடு ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதுங்கள். மறுபடி பெறக்கூடியவை ஒருபக்கம், பெறவே முடியாதவை மறுபக்கம். மூதாதையர் பதிவுகளின் மூலங்கள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குடியேறியவரின் எண் தெரிந்தால் அங்கே போய் மீண்டும் கேட்கலாம். அலைச்சல்தான், ஆனால் முடியும். பாட்டியின் குரல் அப்படியல்ல, அவர் காலமாகிவிட்டார். ஆகவே அந்த ஒலிக்கோப்பு பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. மீட்பு வேலையில் எதை முதலில் தேடுவது, எதற்குப் பணம் செலவழிப்பது என்று குழம்பும்போது இந்தத் தாள்தான் வழிகாட்டும்.

வட்டா, சில்லா?

சேமிப்பகம் எந்த வகை என்பதுதான் அடுத்த கேள்வி. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ஒரு கோப்பை அழித்தால் விண்டோஸ் அதன் பெயருக்கு எதிரே "இந்த இடம் காலி" என்று குறித்துவிடும், அவ்வளவுதான். உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும், வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. விண்டோஸ் வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் என்டிஎஃப்எஸ் அமைப்பில் கோப்புகளின் பெயர், அளவு, இருப்பிடம் எல்லாம் ஒரே பேரேட்டில் இருக்கின்றன. ஒவ்வொரு கோப்புக்கும் அதில் பெரும்பாலும் 1,024 பைட் அளவுள்ள ஒரு வரி. கோப்பு அழிந்ததும் அந்த வரி காலியாகிறது, அடுத்து உருவாகும் எந்தச் சிறு கோப்பும் அதில் வந்து அமர்ந்துகொள்ளும். நீங்கள் இணைய உலாவியைத் திறந்தாலே நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள் உருவாகும். ஆகவே உள்ளடக்கம் அழிவதற்கு முன்பே பெயர்கள் அழியத் தொடங்கிவிடும். பிளக்கைப் பிடுங்கச் சொன்னது இதனால்தான்.

எஸ்எஸ்டி என்ற சில்லு வகைச் சேமிப்பகத்தில் நிலைமை கடுமை. கோப்பு அழிந்தவுடனே "இந்தப் பகுதிகள் இனித் தேவையில்லை" என்று விண்டோஸ் சேமிப்பகத்துக்குச் சொல்லிவிடும். இதற்கு டிரிம் என்று பெயர். சேமிப்பகம் தன் வசதிப்படி அவற்றைத் துடைத்துவிடும். துடைக்கும் முன்பே படிக்கக் கேட்டாலும் பெரும்பாலும் சுழியங்களையே கொடுக்கும். விண்டோஸ் 7 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. ஆகவே எஸ்எஸ்டியில் செட்டிங்ஸ் வழியாகக் கணக்கை அழித்திருந்தால், மீட்பு மென்பொருளை நம்பிக் காசு கட்டாதீர்கள். கைபேசி வழியே தேடிய இடங்கள், காப்பு நகல்கள், கீழே சொல்லும் நிழல் நகல் ஆகியவைதான் உங்களுக்கு மிஞ்சியவை. இதை முன்பே தெரிந்துகொண்டால் மூன்று நாள் உறக்கம் மிஞ்சும்.

எங்களுடையது பழைய மேசைக் கணினி, உள்ளே 500 ஜிபி சுழலும் வட்டு. பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தபோது நான் அடைந்த நிம்மதிக்கு அளவில்லை.

பென் டிரைவிலிருந்து லினக்ஸ்

இப்போது உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும், ஆனால் அந்த வட்டில் ஒரு எழுத்தும் எழுதக் கூடாது. இதற்கு இரண்டு வழிகள். வட்டைக் கழற்றி யுஎஸ்பி இணைப்புப் பெட்டியில் போட்டு வேறு கணினியில் செருகுவது ஒன்று. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து கணினியை இயக்குவது மற்றொன்று. மடிக்கணினியைத் திறக்கத் துணிவில்லாதவர்களுக்கு இரண்டாவதே நல்லது.

வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையைத் தரவிறக்கி, ரூஃபஸ் என்ற இலவச நிரலால் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். அந்தப் பென் டிரைவில் இருந்தவை அழிந்துவிடும், ஏற்கெனவே ஒரு துக்கம் இருக்கும்போது இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். கோளாறான கணினியில் செருகி, இயக்கியவுடன் துவக்கப் பட்டியல் விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. மின்ட் திரை வந்ததும் "இன்ஸ்டால்" என்ற சின்னம் கண்ணில் படும். அதைத் தொடவே தொடாதீர்கள்.

கோப்பு மேலாளரில் விண்டோஸ் வட்டைத் திறந்து பயனர்கள் கோப்புறைக்குள் போங்கள். பிரெஞ்சு விண்டோஸ் வைத்திருப்பவர்கள் இங்கே தடுமாறுவார்கள். விண்டோஸுக்குள் "யூட்டிலிசாத்தர்" என்று தெரிந்த கோப்புறை லினக்ஸில் "யூசர்ஸ்" என்றுதான் தெரியும். உண்மைப் பெயர் எப்போதுமே அதுதான், பிரெஞ்சுப் பெயர் ஒரு முகமூடி.

பழைய பயனரின் கோப்புறை அங்கே இருக்கிறதா? இருந்தால் உங்கள் வேலை ஏறக்குறைய முடிந்தது. வெளிப்புற வட்டு ஒன்றைச் செருகி, கோப்புறை முழுவதையும் அப்படியே நகலெடுங்கள். ஆவணங்கள், படங்கள் மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள். மறைந்திருக்கும் "ஆப்டேட்டா" கோப்புறைக்குள்தான் உலாவியின் புக்மார்க்குகளும் தண்டர்பேர்டு அஞ்சல்களும் இருக்கும். அவுட்லுக்கின் அஞ்சல் கோப்பு சில வேளை அங்கே இருக்கும், சில வேளை ஆவணங்களுக்குள் இருக்கும்.

இதையே விண்டோஸிலிருந்து செய்தால் "அனுமதி இல்லை" என்று மறிக்கும். உரிமையாளர் பெயர் இருந்த இடத்தில் "அறியப்படாத கணக்கு" என்றும் ஒரு நீண்ட எண்ணும் தெரியும். இறந்தவர் பெயரில் இருக்கும் நிலம்போல. நிர்வாகி கணக்கில் நுழைந்து, கோப்புறையின் பண்புகளில் செக்யூரிட்டி, பிறகு அட்வான்ஸ்டு, அங்கே உரிமையாளரை மாற்றி, உட்கோப்புறைகளுக்கும் பொருந்தும் என்ற பெட்டியில் குறியிட்டால் திறக்கும். லினக்ஸ் இந்த அனுமதிகளைப் பொருட்படுத்துவதில்லை என்பதால் நான் அந்த வழியையே விரும்புகிறேன்.

வட்டைத் திறக்கும்போதே 48 இலக்க எண் ஒன்று கேட்டால், அது பிட்லாக்கர் என்ற விண்டோஸின் பூட்டு முறையால் பூட்டப்பட்டிருக்கிறது. அந்த எண் பெரும்பாலும் கணினியை முதலில் அமைத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். கைபேசியில் அவருடைய கணக்குக்குள் நுழைந்து சாதனங்கள் பக்கத்தில் பாருங்கள். அந்த எண் இல்லாமல் எந்தக் கடைக்காரரும் எதுவும் செய்ய முடியாது.

லினக்ஸில் இருக்கும்போதே மூன்று இடங்களை எட்டிப் பாருங்கள். சி டிரைவில் "விண்டோஸ் ஓல்ட்" என்ற கோப்புறை: அண்மையில் விண்டோஸ் மேம்படுத்தப்பட்டிருந்தால் பழைய பயனர் கோப்புறைகள் அதற்குள் இருக்கும், ஆனால் பத்து நாளுக்குப்பின் விண்டோஸே அதைத் துப்புரவாக்கிவிடும். அடுத்து டி டிரைவ் இருந்தால் அதில் மறைந்துள்ள குப்பைத்தொட்டிக் கோப்புறை: ஒவ்வொரு பயனருக்கும் தனித் தொட்டி உண்டு, கணக்கு போனாலும் மற்ற வட்டுகளில் இருக்கும் தொட்டி எஞ்சியிருக்கலாம். மூன்றாவது, யாராவது எப்போதாவது செருகிய வெளிப்புற வட்டில் "ஃபைல்ஹிஸ்டரி" என்ற கோப்புறை: அதற்குள் பயனர் பெயர், கணினி பெயர், "டேட்டா" என்று இறங்கிக்கொண்டே போனால் கோப்புகள் தேதியொட்டிய பெயருடன் திறக்கத் தயாராக இருக்கும்.

நிழல் நகல் என்பது விண்டோஸ் மீட்புப் புள்ளிகளோடு எடுத்துவைக்கும் பழைய நகல். சிஸ்டம் புரொட்டக்‌ஷன் இயங்கிக்கொண்டிருந்தால் மட்டுமே இருக்கும். விண்டோஸுக்குள் பயனர்கள் கோப்புறையை வலச்சொடுக்கி, பண்புகளில் "பிரீவியஸ் வெர்ஷன்ஸ்" தாவலில் பாருங்கள். தேதிகள் தெரிந்தால் திறந்து நகலெடுங்கள். "ரிஸ்டோர்" பொத்தானை அழுத்த வேண்டாம், அது இப்போதுள்ள மற்றவர்களின் கோப்புகளையும் பின்னோக்கித் தள்ளிவிடும். முழு சிஸ்டம் ரிஸ்டோர் செய்தால் ஆவணங்கள் திரும்பும் என்று சிலர் சொல்வார்கள். அது விண்டோஸைச் சீராக்க வந்தது, உங்கள் ஆவணங்களை மீட்க வந்ததல்ல.

சுழலும் வட்டு வைத்திருப்பவர்கள் நிழல் நகலைத் தேடுவதற்காக மட்டும் விண்டோஸை இயக்கிவிடாதீர்கள். முதலில் கீழே சொல்லும் வட்டுப் படிமத்தை எடுத்துவிடுங்கள்.

வட்டின் படிமம்

எங்கள் கணினியில் மேலே சொன்ன எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே தோண்ட வேண்டியதாயிற்று. தோண்டும் முன் வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக நகலெடுத்துவிட வேண்டும். இதற்குப் படிமம் என்று பெயர். அதன்பின் எந்தத் தவறு செய்தாலும் மூலம் பத்திரம்.

மின்ட்டில் "டிஸ்க்ஸ்" என்ற கருவியைத் திறந்து, இடப்பக்கம் உள் வட்டைத் தேர்ந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் "கிரியேட் டிஸ்க் இமேஜ்" கொடுங்கள். சேமிக்கும் இடம் வெளிப்புற வட்டாக இருக்க வேண்டும், மூலவட்டின் முழு அளவும் அதில் காலியாக இருக்க வேண்டும். 500 ஜிபி வட்டில் 80 ஜிபிதான் பயன்பாட்டில் இருந்தது என்றாலும் 500 ஜிபி தேவை, ஏனெனில் நாம் தேடுவதே "காலி" என்று குறிக்கப்பட்ட இடத்தில்தான். வெளிப்புற வட்டு எஃப்ஏடி32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் வடிவுக்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

விநாடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால் 500 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். பழைய யுஎஸ்பி 2 செருகுவாயில் நாலைந்து மணி நேரம். நான் இரவு உணவுக்குப்பின் தொடங்கினேன். புயல் காலம், வெளியே மழை. மின்சாரம் போய்விடக் கூடாதே என்று முருகனை வேண்டிக்கொண்டு படுத்தேன்.

வட்டிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ, வேகம் பாதியில் படுத்துவிட்டாலோ உடனே நிறுத்துங்கள். அது அழிப்பு அல்ல, பழுது. பெறவே முடியாத பட்டியலில் ஏதாவது இருந்தால் அந்த வட்டைத் தரவு மீட்பு நிலையத்திடம்தான் கொடுக்க வேண்டும். சாதாரணப் பழுதுபார்ப்புக் கடையிடம் கொடுப்பதானால், "புதிதாக விண்டோஸ் போட வேண்டாம்" என்று தாளில் எழுதி வட்டின்மேல் ஒட்டிக் கொடுங்கள். என் உறவினர் ஒருவர் கோப்புகளை மீட்கச் சொல்லிக் கொடுத்த மடிக்கணினி, பளபளவென்று புது விண்டோஸுடன் திரும்பி வந்தது.

தோண்டுதல்

முதலில் பெயரோடு மீட்கும் கருவிகள், பிறகு பெயரின்றி மீட்கும் கருவிகள். வரிசையை மாற்றாதீர்கள்.

டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவியைப் படிமத்தின்மேல் இயக்கி, "அட்வான்ஸ்டு" பகுதியில் விண்டோஸ் பிரிவைத் தேர்ந்து "அன்டிலீட்" கொடுத்தால், பேரேட்டில் இன்னும் எஞ்சியிருக்கும் அழிந்த கோப்புகளின் பெயர்களும் பாதைகளும் வரிசையாக வரும். கறுப்புத் திரை, ஆங்கில எழுத்துகள், அம்புக்குறி விசைகள்தான் வழி. அழகில்லை, ஆனால் நம்பகமானது. கறுப்புத் திரையைக் கண்டு அஞ்சுபவர்கள் வட்டை வேறு விண்டோஸ் கணினியில் இணைத்து ரெக்யூவா பயன்படுத்தலாம். அதில் கோப்புறை அமைப்பையும் மீட்கும் விருப்பத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். மைக்ரோசாஃப்டே 2020-இல் "விண்டோஸ் ஃபைல் ரிகவரி" என்ற இலவசக் கருவியை வெளியிட்டது. அதுவும் கட்டளைவரிதான், மீட்டதை மூலவட்டிலேயே வைக்க அது அனுமதிக்காது. எந்தக் கருவியானாலும் அந்த விதி மாறாது: எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைக்காதீர்கள்.

டெஸ்ட்டிஸ்க் எனக்கு வரவு செலவுக் கோப்புகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும், நடப்பு ஆண்டுக் காவடிப் பட்டியலையும் பெயரோடு கொடுத்தது. படங்களில் பாதிக்கு மேல் பெயரில்லை. ஒலிக்கோப்பு இல்லவே இல்லை.

ஆகவே பெயரின்றி மீட்கும் கருவியான ஃபோட்டோரெக். இது பேரேட்டைப் பார்ப்பதே இல்லை. வட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்து, ஒவ்வொரு கோப்பு வகைக்கும் உரிய தொடக்கக் குறியைத் தேடி, அங்கிருந்து அள்ளிக்கொடுக்கும். "ஃப்ரீ" என்று தேர்ந்தால் காலி இடத்தில் மட்டும் தேடும், வேண்டியது அதுதான். கோப்பு வகைகளைக் கட்டாயம் குறையுங்கள். நான் முதல்முறை எல்லா வகையையும் விட்டுவைத்தேன். விண்டோஸின் சின்னப் படங்களும் உலாவியின் விளம்பரத் துணுக்குகளுமாக ஆயிரக்கணக்கில் வந்து கொட்டின. இரண்டாம் முறை வேர்டு, எக்செல், பிடிஎஃப், ஜேபெக், எம்பி3 மட்டும்.

பெயரில்லாக் கோப்புகளில் தேடுவது

கிடைத்தவை எல்லாம் எஃப் என்ற எழுத்தும் ஏழெட்டு இலக்கமுமாகப் பெயர் தாங்கி வரும். எந்த வழிகாட்டியும் இந்த இடத்தில் "பிறகு வகைப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடும். என் நேரத்தில் பாதி போனது இங்கேதான்.

படங்களுக்கு எடுத்த தேதி உள்ளேயே பதிவாகியிருக்கும், அதன்படி அடுக்குங்கள். 100 கேபிக்குக் கீழுள்ளவற்றைத் தனியே ஒதுக்குங்கள், பெரும்பாலும் சிறுபடங்கள். வேர்டு கோப்புகளின் பண்புகளில் எழுதியவர் பெயரும் கடைசியாகத் திருத்திய தேதியும் இருக்கும், பட்டியல் காட்சியில் அந்தப் பத்திகளைச் சேர்த்து அடுக்கினால் ஒருவருடைய கோப்புகள் ஓரிடத்தில் திரளும்.

உள்ளடக்கத்தில் சொல் தேடும்போது தமிழருக்கென்றே ஒரு பொறி காத்திருக்கிறது. "காவடி" என்று தேடினேன், ஒன்றும் வரவில்லை. பழைய செயலாளரோ நூற்றுக்கணக்கான அறிக்கைகளில் அந்தச் சொல்லை எழுதியவர். பிறகுதான் உறைத்தது: அவர் இருபது ஆண்டாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்பவர். பாமினிக் கோப்புக்குள் தமிழ் எழுத்தே கிடையாது. ஆங்கில எழுத்துகள்தான் தமிழ் வேடமிட்டிருக்கும். அங்கே காவடி என்பது எஃப், எச், டீ, பி என்ற நான்கு எழுத்துகள். அவற்றைச் சேர்த்துத் தேடியதும் வரிசையாக வந்து நின்றன. உங்கள் வீட்டுப் பெரியவர் எந்த எழுத்துருவில் எழுதினார் என்று கேட்டுக்கொண்டு தேடுங்கள். அவர் கைப்பழக்கம் தெரியாவிட்டால், யூனிகோடிலிருந்து அந்த எழுத்துருவுக்கு மாற்றும் கருவியில் சொல்லைக் கொடுத்து வருவதைத் தேடலாம்.

திறக்காத கோப்பு எல்லாமே செத்தது அல்ல. வேர்டு தன் திறப்புப் பெட்டியில் "ஓப்பன் அண்ட் ரிப்பேர்" என்று ஒரு வசதி வைத்திருக்கிறது. லிப்ரே ஆபீஸ் சில வேளை வேர்டே கைவிட்டதைத் திறக்கும். எம்பி3 சிறு சிறு துண்டுகளாகக் கோக்கப்பட்டது, பாதி போனாலும் மீதி பாடும்.

எப்படி முயன்றாலும் வராதவையும் உண்டு. விண்டோஸின் இஎஃப்எஸ் முறையில் பூட்டிய கோப்புகளுக்குச் சாவி அந்தப் பயனர் கோப்புறைக்குள்தான் இருந்தது. சாவியை முன்பே வேறிடத்தில் ஏற்றுமதி செய்து வைக்கவில்லை என்றால் கோப்பு கிடைத்தும் பயனில்லாமல் போகலாம். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும் அப்படியே. அவற்றைத் துரத்துவதைவிட ஒவ்வொரு தளத்திலும் புதுக் கடவுச்சொல் கேட்டு வாங்குவது எளிது.

மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

சுருக்கமாக. மேக்கில் கணக்கை நீக்கும்போது மூன்று விருப்பங்கள் வரும். படிமமாகச் சேமித்திருந்தால் யூசர்ஸ் கோப்புறைக்குள் "டிலீட்டட் யூசர்ஸ்" என்ற இடத்தில் இருக்கும். மாற்றாமல் விட்டிருந்தால் பழைய பெயரோடு "டிலீட்டட்" என்ற சொல் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அழித்திருந்தால் டைம் மெஷின் காப்பு நகல்தான் கதி. லினக்ஸில் வீட்டுக் கோப்புறையையும் நீக்கு என்று தனியாகச் சொல்லாவிட்டால் ஹோம் கோப்புறைக்குள் எல்லாம் அப்படியே இருக்கும்.

அடுத்தமுறை ஒருவர் பொறுப்பிலிருந்து விலகும்போது

கணக்கை நீக்காதீர்கள், முடக்குங்கள். புரோ பதிப்பில் பயனர் மேலாண்மைச் சாளரத்தில் "அக்கவுண்ட் இஸ் டிசேபிள்டு" என்ற பெட்டியில் குறியிட்டால் போதும். ஹோம் பதிப்பில் அந்தச் சாளரம் இல்லை, கட்டளைத் திரையில்தான் செய்ய வேண்டும். அதுவும் கடினம் என்றால் கடவுச்சொல்லை மாற்றித் தலைவரிடம் கொடுத்துவிட்டு ஓராண்டு அப்படியே விடுங்கள். மாற்றுமுன் அந்தக் கணக்கில் இஎஃப்எஸ் பூட்டு இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள், நிர்வாகி வெளியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றினால் அந்தச் சாவியும் போய்விடும். நீக்கியே ஆக வேண்டும் என்றால், பழையவரும் புதியவரும் ஒன்றாக உட்கார்ந்து, முழுக் கோப்புறையையும் வெளிப்புற வட்டில் நகலெடுத்து, அந்த நகலிலிருந்து பத்துக் கோப்புகளைத் திறந்து பார்த்தபிறகு.

எங்கள் சங்கத்தில் இப்போது இரண்டு வெளிப்புற வட்டுகள். ஒன்று கோவில் அலுவலக அலமாரியில். மற்றொன்று ரோஸ் ஹில்லில் பொருளாளர் வீட்டு மாடியில். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயி தெருக்களில் வெள்ளம் கார்களை அடித்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள், இரண்டையும் ஒரே அறையில் வைக்கலாம் என்று சொல்லவில்லை. கொடியேற்றத்தன்று இரண்டையும் இடம் மாற்றுகிறோம்.

ஒலிக்கோப்பு நான்காம் நாள் கிடைத்தது. நாற்பது நிமிடப் பதிவில் பதினொரு நிமிடம். பழைய செயலாளரை வரவழைத்து ஒலிபெருக்கியில் போட்டேன். முதலில் சேவல் கூவியது, பிறகு யாரோ பாத்திரத்தை வைக்கும் சத்தம், பிறகு பாட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு காவடிச் சிந்தைத் தொடங்கினார். கணக்கை நீக்கிய தம்பி கதவருகே நின்றிருந்தான். "தோந்தோன் (மாமா), இன்னொரு முறை போடுங்கள்" என்றான்.